லண்டனில் ‘ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’: பார்த்தவர்கள் சொல்வதைச் சலித்து டிக்கெட் எடுப்பது எப்படி

லண்டன் ஹேமார்க்கெட் தெருவில் உள்ள ஹிஸ் மெஜஸ்டிஸ் அரங்கில் ‘ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’ என்ற இசை நாடகம் 1986 அக்டோபர் 9 அன்று தொடங்கியது. கொரோனா காலத்து நீண்ட இடைவெளியைத் தவிர்த்தால் அன்றிலிருந்து அதே அரங்கில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை காலம் ஓடிய நாடகத்துக்கு இணையத்தில் கருத்துக்குப் பஞ்சமில்லை. ஒருவர் “வாழ்நாளில் மறக்க முடியாது” என்பார், அடுத்தவர் “காசுக்குப் பிடித்த கேடு” என்பார். இருவரும் உண்மையையே சொல்லியிருக்கலாம். ஒருவர் 2015இல் நடு இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர். மற்றவர் 2023இல் மேல் மாடத்தின் ஓரத்திலிருந்து, முதன்மை நடிகை விடுப்பில் இருந்த அன்று பார்த்தவர். பெயர் ஒன்றுதான், பார்த்தது வேறு.

அதனால் ஒரு கருத்தைப் படித்ததும் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: எந்தத் தேதி, எந்த இருக்கை, அன்று யார் நடித்தார்கள். மூன்றும் இல்லாத கருத்து எவ்வளவு உருக்கமாக எழுதப்பட்டிருந்தாலும் டிக்கெட் வாங்குபவருக்கு உதவாது. நட்சத்திரங்களின் சராசரியும் அப்படித்தான். பத்து ஆண்டுக் கருத்துகளை ஒன்றாகக் கலக்கிய எண் அது.

முதலில், எந்த ஊர் நாடகம் என்று பாருங்கள்

இந்தப் பெயரில் தேடினால் லண்டன் மட்டும் வராது. நியூயார்க்கின் மெஜஸ்டிக் அரங்கில் 1988 ஜனவரி 26 முதல் 2023 ஏப்ரல் 16 வரை 13,981 காட்சிகள் நடந்தன. அது முடிந்துவிட்டது, ஆனால் அதைப் பற்றிய கருத்துகள் அழியாமல் கிடக்கின்றன. லண்டன் அரங்கும் நெடுங்காலம் ஹெர் மெஜஸ்டிஸ் என்றே அழைக்கப்பட்டது, மன்னர் மாறியபின் 2023இல்தான் பெயர் மாறியது. ‘மெஜஸ்டிக்’ என்றால் நியூயார்க், ‘மெஜஸ்டிஸ்’ என்றால் லண்டன். ஓர் எழுத்தில் ஊரே மாறிவிடும், கவனம்.

உலகம் சுற்றும் குழு தனி. அது 2025 மார்ச்சில் மும்பையில் நீதா முகேஷ் அம்பானி கலாசார மையத்தில் நடத்தியது. அங்கே பார்த்தவர் எழுதிய இருக்கை விவரமோ ஒலி விவரமோ லண்டனுக்குப் பொருந்தாது. நியூயார்க்கில் 2025இல் தொடங்கிய ‘மாஸ்கரேட்’ இதே கதை, இதே பாட்டு என்றாலும் பார்வையாளர்கள் அறை அறையாக நடந்து போய்ப் பார்க்கும் வேறு வகை. இவற்றையெல்லாம் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொரு கலப்படம் பிடிபடாமல் உள்ளே வரும். அது திரையில் பார்த்ததோடு ஒப்பிட்டு எழுதும் கருத்து. 2004இல் வந்த திரைப்படத்தில் ஓபரா மாளிகையின் பெரிய சரவிளக்கு கதையின் உச்சகட்டத்தில் விழும். மேடையில் அது முதல் பாதியின் கடைசியில் விழும். “விளக்கு விழுவதை ஏன் இவ்வளவு சீக்கிரம் வைத்தார்கள்” என்று ஒருவர் கேட்டால் அவர் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் என்று பொருள். 25ஆம் ஆண்டு நிறைவுக்காக 2011 அக்டோபரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்த பதிவு மற்றொன்று. பிரமாண்டமான கூடம், பெரிய வாத்தியக் குழு, ரமின் கரீம்லூவும் சியரா பாகெஸும் உச்ச நிலையில் பாடியது, போதாக்குறைக்குக் கேமராவின் அண்மைக் காட்சிகள் வேறு. அதை இருபது தடவை பார்த்துவிட்டு அரங்குக்குப் போனால் மேடை சிறிதாகத்தான் தெரியும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதிவில் சரவிளக்கு விழவே இல்லை, பொறி பறந்ததோடு சரி.

2021 ஜூலை 27 என்ற கோடு

லண்டன் கருத்துகளை இரண்டாகப் பிரிக்கும் தேதி இது. 2020 மார்ச்சில் அரங்கு மூடியது, 2021 ஜூலை 27 அன்று மறுபடி திறந்தது. திறந்தபோது மேடை அமைப்பைப் புதுப்பித்திருந்தார்கள், சில நுணுக்கங்களை மாற்றியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக வாத்தியக் குழுவை 27 பேரிலிருந்து 14 பேராகக் குறைத்திருந்தார்கள். நியூயார்க்கில் கடைசி நாள் வரை 27 பேர் வாசித்தார்கள் என்பதால் ரசிகர்களின் கோபம் இன்னும் கூடியது.

இதனால் காதுக்கு என்ன மாறுகிறது? நரம்பு வாத்தியங்களின் எண்ணிக்கை குறைந்த இடத்தைக் கீபோர்டுகள் நிரப்புகின்றன. முன்னிசையிலும் தலைப்புப் பாட்டிலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, அவை முதலிலிருந்தே ஆர்கன், மின்னிசை ஓசைகளை நம்பிக் கட்டப்பட்டவை. மென்மையான காதல் பாட்டுகளிலும், ஓபராவையே கிண்டல் செய்யும் காட்சிகளிலும்தான் வயலின்களின் அடர்த்தி குறைவது தெரியும். முதல் முறை பார்ப்பவர்களில் பலருக்கு இது உறைக்காது, பழைய இசைத்தட்டை மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு முதல் சில நிமிடங்களிலேயே உறைக்கும். ஆகவே “இசை மெலிந்துவிட்டது” என்ற புகாரைப் பொய் என்றும் தள்ள வேண்டாம், உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்றும் கொள்ள வேண்டாம். நீங்கள் அந்த இரண்டு வகையில் எது என்று பாருங்கள். எங்கள் கணிப்பு: 2021க்கு முந்தைய கருத்துகளில் கதை, நடன அமைப்பு, உடை பற்றியவை மட்டும் இன்னும் செல்லுபடியாகும். இசை, மேடை பற்றியவை காலாவதியானவை.

இருக்கைப் புகார்களே பாதி

ஒற்றை நட்சத்திரக் கருத்துகளைக் கூர்ந்து படித்தால் திட்டு விழுவது பெரும்பாலும் நாடகத்துக்கு அல்ல, இருக்கைக்கு. 1897இல் கட்டிய அரங்கம் இது. குதிரைலாட வடிவத்தில் மாடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்குகின்றன. கால் நீட்ட இடம் குறைவு, ஓரங்களில் பார்வை மறையும். கீழிருந்து மேலாக நான்கு தளங்கள்: ஸ்டால்ஸ், ராயல் சர்க்கிள், கிராண்ட் சர்க்கிள், பால்கனி. நம்மூரில் பால்கனி என்றால் விலை கூடிய இடம். இங்கே அது உச்சியில் இருக்கும் மலிவுத் தளம், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சாதாரண நாடகத்துக்கு ஸ்டால்ஸ் முன்வரிசைதான் சிறப்பு என்பார்கள். இங்கே அந்தக் கணக்கு முழுதும் செல்லாது. காரணம், இந்த நாடகத்தின் காட்சிகள் மேடைத் தரையிலும் நடக்கின்றன, தலைக்கு மேலேயும் நடக்கின்றன. சரவிளக்கு தொடக்கத்தில் மேடையிலிருந்து எழும்பிப் பார்வையாளர் தலைக்கு மேலே போய் நிற்கும், இடைவேளைக்கு முன் திரும்ப மேடையை நோக்கி இறங்கும்.

ஸ்டால்ஸின் முன்பகுதியில் விளக்கு உங்கள் மேலேயே பாயும், நடிகர் முகமும் ஒப்பனையும் துல்லியமாகத் தெரியும். ஆனால் நிலத்தடி ஏரிக் காட்சியில் தரையிலிருந்து எழும் மெழுகுவர்த்திகளின் வரிசை அமைப்பு தெரியாது. மேடைப் புகை உங்கள் மேல் படரும், ஆஸ்துமா உள்ளவர்கள் சற்றுத் தள்ளி உட்காருவது நல்லது. ஸ்டால்ஸின் பின்பகுதியில் மாடத்தின் அடிப்புறம் கூரைபோல் மறைக்கும், விளக்கு மேலே போனதும் கண்ணிலிருந்து போய்விடும். “சரவிளக்கு, சரவிளக்கு என்கிறார்களே, ஒன்றும் பெரிதாக இல்லையே” என்று எழுதுபவர்களின் இருக்கையைக் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பகுதியாகத்தான் இருக்கும்.

ராயல் சர்க்கிளின் முதல் சில வரிசைகளில், நடுப்பகுதியில் இடம் கிடைத்தால் அதை எடுங்கள். விளக்கு கண் மட்டத்துக்கு வரும், ஏரியும் மெழுகுவர்த்திகளும் படம்போல் விரியும், முகமூடி விருந்துக் காட்சியில் படிக்கட்டு முழுவதும் தெரியும். அதே தளத்தின் கடைசி வரிசைகளில் மறுபடி மேல்மாடம் மறைக்கும் என்பதால் “ராயல் சர்க்கிள் நல்லது” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் கருத்தை நம்ப வேண்டாம், வரிசை எழுத்து இருக்கிறதா பாருங்கள். கிராண்ட் சர்க்கிளில் நடு இருக்கைகள் விலைக்குத் தகுந்தவை. பால்கனியிலிருந்து முகபாவம் தெரியாது. இசைக்காக மட்டும் போகிறவர், அல்லது இரண்டாம் முறை போகிறவர் அங்கே உட்காரலாம்.

டிக்கெட்டில் ‘பார்வை மறைப்பு உண்டு’ என்று குறித்திருந்தால் அது சும்மா போடும் வாசகம் அல்ல. ஓர இருக்கையில் மேடையின் ஒரு பக்கம் சுத்தமாகப் போய்விடும்.

விலை பற்றிய கருத்திலும் ஒரு பொறி உண்டு. ஒரே இருக்கைக்குச் செவ்வாய் இரவு ஒரு விலை, டிசம்பர் சனிக்கிழமை வேறு விலை. தேவையைப் பார்த்து விலை ஏறி இறங்கும். “இந்த விலைக்குத் தகாது” என்றவர் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதியிருந்தால்தான் அந்தக் கருத்துக்கு எடை.

யார் நடித்தார் என்பது

வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். கதாநாயகியான இளம் பாடகி கிறிஸ்டீனின் வேடம் கிட்டத்தட்ட நாடகம் முழுவதும் மேடையில் நிற்கும், உச்ச ஸ்தாயியில் பாடும் வேடம். ஒருவர் குரலால் எட்டையும் தாங்க முடியாது என்பதால் தொடக்கத்திலிருந்தே இந்த வேடத்துக்கு மாற்று நடிகை ஒருவரை வைத்து, வாரத்தில் சில காட்சிகளை அவருக்கென ஒதுக்குவது வழக்கம். இது அவசரத்துக்கு நிற்பவரை விட வேறானது. மாற்று நடிகை முறையாகத் தேர்வாகி வருபவர், அது அவருடைய வேடமே. “எங்களுக்கு இரண்டாம் தரம் போட்டுவிட்டார்கள்” என்ற புலம்பலை இந்த அறிவோடு படியுங்கள். குறிப்பிட்ட நடிகையைத்தான் பார்க்க வேண்டும் என்றால் வாங்குவதற்கு முன் அவர் வராத காட்சிகள் எவை என்று அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் உத்தரவாதம் கிடையாது. காய்ச்சல் எவருக்கும் வரும், அதற்காகப் பணம் திரும்பி வராது.

லண்டனின் பெரிய அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்ட் பகுதியில் நடிகர் ஒப்பந்தங்கள் பொதுவாக ஓராண்டை ஒட்டியவை. குழு மாறியதும் நடிப்பைப் பற்றிய பழைய கருத்துகள் அத்தனையும் செல்லாக் காசு. தேடும்போது குழு மாறிய மாதத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பிந்தைய கருத்துகளை மட்டும் எடுங்கள்.

ஃபேண்டம் வேடத்தில் யார் வருகிறார் என்பதைப் பொறுத்துக் கதையின் பொருளே சாய்கிறது. பாரிஸ் ஓபரா மாளிகையின் அடித்தளத்தில் ஒளிந்து வாழும் முகம் சிதைந்த மேதை, இளம் பாடகிக்கு மறைந்திருந்து இசை கற்றுத்தருகிறான், பிறகு அவளைத் தனதாக்கத் துடிக்கிறான். முதலில் நடித்த மைக்கேல் கிராஃபோர்டு அவனை நலிந்த, நடுங்கும் குரல்கொண்ட, பரிதாபத்துக்குரிய ஆளாக ஆக்கினார். பின்னால் வந்த சிலர் கம்பீரமான காதலனாக்கினார்கள், சிலர் மிரட்டலையே முன்னிறுத்தினார்கள். இன்றைய பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் “இது காதல் கதை இல்லை, ஒரு பெண்ணைத் துரத்தித் தொல்லை கொடுப்பவன் கதை” என்று எழுதுகிறார்கள். மற்றவர்கள் கண்ணீரோடு வெளியே வருகிறார்கள். இந்தச் சண்டையில் தீர்ப்புத் தேடாதீர்கள், தகவல் தேடுங்கள். ஒரே மாதத்தில் எழுதிய பலர் “பயமாக இருந்தது” என்றால் அந்த நடிகர் மிரட்டும் வகை. பலர் கிறிஸ்டீனை விரும்பும் இளைஞன் ரவுலைக் குறை சொல்லி, அவள் ஏன் ஃபேண்டத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று கேட்டால் அவர் காதலன் வகை. உங்களுக்கு எது வேண்டுமோ அதற்கேற்ப மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கதை ஆபத்தானவனைக் கவர்ச்சியாகக் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறோம். ஆனால் கடைசிக் காட்சி அவனுக்குப் பரிசு கொடுக்கவில்லை என்பதையும் அதை எழுதுபவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் புகார்கள், அவற்றின் காரணங்கள்

*வார்த்தை புரியவில்லை.* உண்மையான புகார். வசனம் குறைவு, பெரும்பகுதி பாட்டு. ஓபரா மேலாளர்கள் அறையில் நடக்கும் காட்சியில் ஏழு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளைப் பாடும். ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கே எல்லாம் பிடிபடாது. இசையமைத்த ஆண்ட்ரூ லாய்ட் வெப்பர் அங்கே குழப்பத்தையே இசையாக்கியிருக்கிறார், ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும் என்று அதை அமைக்கவில்லை. (2002இல் ஏ. ஆர். ரஹ்மானின் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ லண்டனில் மேடையேறியதற்குத் தயாரிப்பாளராக நின்றவரும் இவரே.) பரிகாரம் எளிது. போவதற்கு முன் கதைச் சுருக்கத்தைப் படியுங்கள், 1987இல் வந்த முதல் லண்டன் குழுவின் பதிவை ஒருமுறை கேளுங்கள். எழுத்துத் திரையோடு நடக்கும் காட்சிகளும் அவ்வப்போது உண்டு, காது கேட்கக் குறையுள்ளவர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் அவை உதவும்.

*நேரடியாகப் பாடவில்லை, பதிவை ஓட்டுகிறார்கள்.* இது தலைப்புப் பாட்டைப் பற்றியது. அந்தப் பாட்டின் தாள ஓசை முன்பே பதிவானது. மேலே நடந்துபோன இருவர் சில நொடிகளில் கீழே படகில் தோன்றுவதும் இரட்டை நடிகர்களை வைத்துச் செய்யும் வித்தை, இருட்டில் யார் எங்கே என்று பிரித்தறிய முடியாத காட்சியில் பதிவின் உதவி இருப்பது ரசிகர்களுக்குத் தெரிந்த விஷயம். அதை வைத்து மொத்த நாடகமும் பதிவு என்று எழுதுவது தவறு. மற்ற பாட்டுகளை நடிகர்கள் தலைமுடிக்குள் மறைத்த சிறிய மைக்கில் நேரடியாகப் பாடுகிறார்கள்.

*சரவிளக்கு மெதுவாக இறங்குகிறது.* ஆம். அது மோட்டாரும் கம்பிகளும் கட்டுப்படுத்தி இறக்கும் பாரம், கீழே மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சினிமாபோல் நொறுங்கி விழும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பலர் பாராட்டுவது விழுவதை அல்ல, தொடக்கத்தில் ஏலக் காட்சி முடிந்ததும் ஆர்கன் முழங்க அது உயிர்பெற்று எழுவதை. அது முதல் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தாமதமாக வந்தவர் அதைத் தவறவிட்டுவிட்டு “விளக்கில் ஒன்றுமில்லை” என்று எழுதியிருப்பார்.

*நடுவில் திரை போட்டுவிட்டார்கள்.* தானியங்கி இயந்திரங்கள் நிறைந்த மேடை. ஓர் உணரி தவறான சைகை கொடுத்தாலும் பாதுகாப்புக்காகக் காட்சியை நிறுத்தியே ஆக வேண்டும். அது அந்த ஒரு இரவின் விபத்து, கணக்கில் சேர்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கியது, முன்னால் இருந்தவர் ஃபோன் பார்த்தது எல்லாமும் இதே கணக்கு.

*குழந்தை பயந்துவிட்டது.* துப்பாக்கி வெடிச் சத்தம், தீப்பொறி, தூக்கில் தொங்கும் உடல் திடீரென்று விழுவது, எல்லாம் உண்டு. இந்தப் புகாரை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இடைவேளையோடு இரண்டரை மணி நேரம். வயது வரம்பை டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

சலிக்கும் முறை

கடைசி மூன்று மாதங்களின் கருத்துகளில் நாற்பதைப் படித்தால் போதும், அதற்கு மேல் படித்தால் குழப்பம்தான் கூடும். ஐந்து நட்சத்திரத்தில் பத்து, ஒன்று இரண்டில் பத்து, மீதி இருபது மூன்றிலும் நான்கிலும். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்தான் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பிரித்து எழுதும் பொறுமை உள்ளவர். ஒரு தாளில் ஆறு பத்திகள் போடுங்கள்: தேதி, பகலா இரவா, தளமும் வரிசையும், நடிகர், முதல் முறையா மறுமுறையா, முக்கியப் புகார். முதல் நான்கில் குறைந்தது இரண்டு பத்திகளாவது நிரம்பாத கருத்தை அடித்துவிடுங்கள். நாற்பதில் பதினைந்து தேறினால் நல்ல அறுவடை.

பிறகு புகார்களை எண்ணுங்கள். வெவ்வேறு தேதிகளில் மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது நாடகத்தின் அல்லது அரங்கின் இயல்பு. ஒரே தேதியில் மூன்று பேர் சொன்னால் அது அந்த இரவின் கோளாறு. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்பதை ஆதாரமாக எடுக்க வேண்டாம், பெரிய மியூசிக்கல்களில் அது இப்போது சடங்காகிவிட்டது. பலமுறை பார்த்த ரசிகர்களின் கருத்தில் நுணுக்க விவரங்களை எடுங்கள், தீர்ப்பை விட்டுவிடுங்கள். அவர்கள் ஒரு சைகை மாறியதற்குக்கூட இரண்டு நட்சத்திரம் குறைப்பார்கள்.

நீங்கள் எழுதும்போது

அரங்கில் நுழைந்ததும் அன்றைய நடிகர் பட்டியல் பலகையை ஒரு படம் எடுத்து வையுங்கள், நிகழ்ச்சியின்போது ஃபோனைத் தொடக்கூடாது. டிக்கெட்டில் உள்ள தளம், வரிசை, எண், கொடுத்த விலை ஆகியவற்றைக் கருத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். சரவிளக்கு எந்தக் கட்டத்தில் கண்ணிலிருந்து மறைந்தது, எந்தப் பக்க மேடை மறைந்தது என்று குறியுங்கள், அடுத்தவருக்கு இதுதான் வேண்டும். படத்தையோ பதிவையோ முன்பே பார்த்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கதையின் முடிவை மட்டும் எழுதாதீர்கள்.

பார்வை மறைப்பு எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தால் வீட்டுக்குப் போய் ஒற்றை நட்சத்திரம் போடுவதில் பயனில்லை. இடைவேளை மணி அடிப்பதற்குள் வாசல் ஊழியரிடம் சொல்லிப் பொறுப்பு மேலாளரைக் கேளுங்கள். காலியிடம் இருந்தால் மாற்றி உட்காரவைக்க வாய்ப்பு உண்டு. டிக்கெட்டில் மறைப்பு என்று முன்பே குறித்திருந்தால் மட்டும் கேட்டுப் பலனிருக்காது.